வீடியோவுக்குக் கட்டுப்படியாகும் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் கல்யாண வீடியோ எடுப்பதும் கேமராவை நாள் வாடகைக்கு விடுவதும் என் தொழில். கிழக்கே தென்காசி, கடையநல்லூரிலிருந்தும், மேற்கே புளியரை தாண்டிக் கேரளத்து ஆரியங்காவு, தென்மலை, புனலூரிலிருந்தும் தம்பிமார் வருகிறார்கள். வருகிறவர் எந்தப் பக்கத்துக்காரரானாலும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளாக இருப்பதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை எழுதி, விடையையும் சேர்த்திருக்கிறேன். விலைகளை எழுதவில்லை. தீபாவளிக்கு ஒரு விலை, பொங்கலுக்கு ஒரு விலை என்று போகிற பொருளுக்கு இன்றைய விலையை எழுதுவதில் பயனில்லை.

அண்ணாச்சி, ஃபுல் ஃப்ரேம் என்கிறார்கள், மிரர்லெஸ் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

இரண்டும் வேறு வேறு. ஃபுல் ஃப்ரேம் என்பது சென்சாரின் அளவைக் குறிக்கும். பழைய 35 மி.மீ. பிலிமில் ஒரு படம் பிடித்த இடம் 36 × 24 மி.மீ.; அதே அளவுள்ள சென்சாருக்குத்தான் இந்தப் பெயர். ஏபிஎஸ்-சி எனப்படும் அடுத்த அளவு ஏறக்குறைய 23.5 × 15.6 மி.மீ. பரப்பைக் கணக்கிட்டால் இது ஃபுல் ஃப்ரேமில் பாதி கூட வராது.

மிரர்லெஸ் என்றால் உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா. பழைய டிஎஸ்எல்ஆரில் வீடியோ எடுக்கும்போதும் கண்ணாடி மேலே தூக்கியே இருக்கும் என்பதால், வீடியோக்காரருக்கு அது என்றைக்கும் வெறும் சுமைதான். சோனி 2013இல் ஏ7 வரிசையைக் கொண்டுவந்த பிறகு கேனான், நிக்கான், பானசோனிக் ஆகிய மூன்றும் 2018, 2019 வாக்கில் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸுக்கு வந்து சேர்ந்தன. இன்று செகண்ட் ஹேண்டில் நமக்குக் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவை பெரும்பாலும் அந்தக் காலத்துக்குப் பின் வந்த பாடிகளே (லென்ஸ் சேராத கேமரா).

வீடியோவுக்கு ஃபுல் ஃப்ரேம் கட்டாயமா? ஏபிஎஸ்-சி வாங்கினால் ஆகாதா?

கட்டாயம் இல்லை. பகல் வெளிச்சத்தில் சமையல் வீடியோ, பேட்டி, கடை விளம்பரம் எடுப்பவருக்கு நல்ல ஏபிஎஸ்-சி பாடியும் நல்ல மைக்கும் போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரு விளக்கு வாங்கலாம்.

இரண்டு இடங்களில் மட்டும் பெரிய சென்சார் தன் விலைக்கு வேலை செய்கிறது. ஒன்று, வெளிச்சம் குறைந்த இடம்: அதிகாலை முகூர்த்தம், நிலவிளக்கு மட்டும் எரியும் பூஜை அறை, கோயில் பிராகாரம். மற்றொன்று, இடம் குறுகிய வீடு. பின்னால் சுவர் முட்டும்போது ஒரே லென்ஸில் ஃபுல் ஃப்ரேம் அதிக அகலத்தைக் காட்டும். உங்கள் வேலையில் இந்த இரண்டும் வராவிட்டால், பக்கத்து ஸ்டூடியோக்காரர் வைத்திருக்கிறார் என்பதற்காக வாங்காதீர்கள்.

பெட்டியிலேயே 4கே 60பி என்று அச்சடித்திருக்கிறது. அப்புறம் என்ன பார்க்க வேண்டும்?

60பி என்றால் விநாடிக்கு 60 படம். அதை எந்த நிலையில் தருகிறது என்று பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கட்டுப்படியான விலையில் உள்ள பல பாடிகள் 4கே 25பியில் மட்டுமே சென்சாரின் முழு அகலத்தையும் பயன்படுத்துகின்றன. 50பி அல்லது 60பிக்கு மாற்றியதும் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கின்றன. அப்போது உங்கள் கையில் இருப்பது ஃபுல் ஃப்ரேம் விலை கொடுத்து வாங்கிய ஏபிஎஸ்-சி கேமரா. 24 மி.மீ. லென்ஸ் 36 மி.மீ. போல நடந்துகொள்ளும், 28-75 லென்ஸ் 42-112 ஆகிவிடும், இருட்டில் கிடைத்த ஆதாயத்திலும் ஒரு ஸ்டாப்புக்கு மேல் போய்விடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி).

பானசோனிக் எஸ்5, எஸ்5 மார்க் 2, சோனி ஏ7 மார்க் 4, நிக்கான் இசட்6 மார்க் 2, இசட்5 மார்க் 2 ஆகிய எல்லாமே 4கே 50பியில் இப்படி 1.5 மடங்கு வெட்டுகின்றன. கேனான் ஆர்8, ஆர்6 மார்க் 2, நிக்கான் இசட்6 மார்க் 3, சோனி இசட்வி-இ1 ஆகியவை 50பியிலும் முழு அகலத்தைத் தருகின்றன. பழைய கேனான் ஆர்பியில் 4கே 25பிக்கே 1.6 மடங்கு வெட்டு உண்டு, அந்த நிலையில் அதன் நல்ல ஆட்டோ ஃபோகஸும் வேலை செய்யாது. நிக்கானின் முதல் இசட்5இல் 4கே வெட்டு 1.7 மடங்கு. இவ்விரண்டும் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். போட்டோவுக்கு அவை நல்ல கேமராக்களே. வீடியோவுக்கு வாங்கினால் வருத்தப்படுவீர்கள்.

எங்களுக்கு 50பி அவ்வளவு அவசியமா? எல்லாம் 25பியில் எடுத்தால் என்ன?

ஒன்றும் குறையாது. முழுநீளக் கல்யாண வீடியோவை நான் 25பியிலேயே எடுக்கிறேன். மணமகள் நடந்து வருவது, அட்சதை விழுவது, குரவையிடும்போது பெண்கள் முகம் போன்ற சில துண்டுகளை மெதுவாக ஓட்ட மட்டுமே 50பி வேண்டும். 25பி டைம்லைனில் போட்டால் பாதி வேகத்தில் ஓடும். அந்தத் துண்டுகளைச் சற்றுத் தள்ளி நின்று எடுப்பது வழக்கம் என்பதால் வெட்டு பெரிதாக உறுத்தாது. ஆகவே முந்தைய விடையில் சொன்ன வெட்டு எல்லாருக்கும் குறை அன்று. உங்களுக்குக் குறையா என்பது நீங்கள் 50பியை எங்கே நின்று பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மண்டபத்தில் எடுத்ததில் வரி வரியாகக் கறுப்பு ஓடுகிறது. கேமரா போய்விட்டதா?

கேமராவில் கோளாறு இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டர், அதாவது ஒவ்வொரு படமும் வெளிச்சம் வாங்கும் நேரம், 1/50 அல்லது 1/100 விநாடியாக இருந்தால் அந்தத் துடிப்போடு பொருந்தும். 1/60 வைத்தால் பொருந்தாமல் பட்டை ஓடும். கேமராவை என்டிஎஸ்சியில் (60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான முறை) விட்டுவிட்டு 30பியில் எடுப்பவர்களிடமிருந்துதான் இந்தக் கேள்வி வருகிறது. மெனுவில் 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான பால் (PAL) முறைக்கு மாற்றி, 25பிக்கு 1/50, 50பிக்கு 1/100 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேடையின் எல்இடி திரையும் மங்கலாக்கி வைத்த அலங்கார விளக்குகளும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படமாட்டா. அவற்றுக்கு ஷட்டரைச் சிறு சிறு அளவில் நகர்த்தும் வசதி சில பாடிகளில் உண்டு. இல்லாவிட்டால் திரையைப் படச்சட்டத்துக்கு வெளியே வைப்பதே வழி.

8 பிட், 10 பிட் என்பது விற்பனைக்காரர் பேச்சா, உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

தெரியும், ஆனால் எடுத்தபடியே கொடுத்துவிடுபவருக்குத் தெரியாது. 8 பிட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள். 10 பிட்டில் 1,024 படிகள். லாக் முறையில் (வெளிச்ச வேறுபாடுகளை அடக்கி, வெளிறிய நிறத்தில் பதியும் முறை) எடுத்து, பிறகு நிறம் திருத்தும்போது அந்தப் படிகளை இழுத்து விரிக்கிறோம். படிகள் குறைவாக இருந்தால் மாலை வானத்திலும் சுண்ணாம்படித்த சுவரிலும் வளையம் வளையமாக விழும். ஏ7 மார்க் 3 (2018) அருமையான பாடி, ஆனால் 8 பிட்தான். அதில் லாக் எடுக்காமல் சாதாரண நிறத்திலேயே எடுப்பது நல்லது. நிறம் திருத்தும் எண்ணம் இருந்தால் 10 பிட் உள்ளே பதியும் பாடியாகப் பாருங்கள். பானசோனிக் எஸ்5, எஸ்5 மார்க் 2, ஏ7 மார்க் 4, கேனான் ஆர்8 எல்லாவற்றிலும் உண்டு.

லாகில் எடுத்தாலும் கேரளக் கசவுப் புடவை வெள்ளைக் காகிதம் மாதிரி போய்விடுகிறதே?

மேற்கே எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் ஒரு முறை இதில் மாட்டியிருப்பார்கள். வெள்ளைக் கசவு, அதன்மேல் தங்கம், பக்கத்தில் நிலவிளக்குச் சுடர்; இவற்றுக்கு நடுவே மாநிற முகம். முகத்தைப் பார்த்து வெளிச்சம் வைத்தால் புடவை போகும். புடவையைப் பார்த்து வைத்தால் முகம் கறுக்கும். பட்டுப்புடவைக் கல்யாணம் எடுத்துப் பழகிய கை இங்கே ஏமாறிவிடும்.

சோனி எஸ்-லாக்3இல் நடுச் சாம்பல் 41 விழுக்காட்டிலும், சாதாரண வெள்ளை 61 விழுக்காட்டிலும் விழ வேண்டும். 94ஐ எட்டியதும் அதற்கு மேல் எதுவும் பதியாது. அதனால் ஸீப்ராவை (வெளிச்சம் குறித்த அளவை எட்டிய இடத்தில் கோடு காட்டும் வசதி) 94க்குச் சற்றுக் கீழே வைத்து, புடவையின் மடிப்பில் கோடு விழாதவரை வெளிச்சத்தைக் கூட்டுகிறேன். சுடரின் நடுவில் கோடு விழுந்தால் விட்டுவிடுவேன், சுடர் வெள்ளையாக இருப்பது இயல்பே. புடவையில் சரிகைக்கும் துணிக்கும் உள்ள கோடு திரையில் பிரிந்து தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வேன். அது பிரிந்து தெரிந்தால், பின்னால் திருத்தும்போது முகத்தைத் தூக்கிவிடலாம்.

நேராகப் பெயரைச் சொல்லுங்கள். எதை வாங்கட்டும்?

தனி ஆளாகக் கல்யாணம் எடுப்பவருக்கு நான் இன்று சொல்வது பானசோனிக் எஸ்5 மார்க் 2 அல்லது செகண்ட் ஹேண்ட் ஏ7 மார்க் 4. எஸ்5 மார்க் 2 (2023) பானசோனிக்கில் முதன்முதலாகக் கட்ட வேறுபாட்டு (ஃபேஸ் டிடெக்ட்) ஆட்டோ ஃபோகஸ் வந்த பாடி. உள்ளே காற்றாடி, இரண்டு கார்டு ஸ்லாட், பெரிய ஹெச்டிஎம்ஐ, கையில் பிடித்தே எடுக்கத் தக்க நடுக்கக் குறைப்பு. ஏ7 மார்க் 4இல் ஃபோகஸ் இன்னும் உறுதியானது, லென்ஸும் வாடகைக்கு எளிதில் கிடைக்கும். பெரும்பாலும் கிம்பலில் (கேமரா ஆடாமல் பிடிக்கும் கைக்கருவி) எடுப்பவர், 50பியில் முழு அகலம் வேண்டுபவர் கேனான் ஆர்8ஐப் பார்க்கலாம். அதில் சென்சார் நடுக்கக் குறைப்பு இல்லை, பேட்டரியும் சிறியது.

முதல் எஸ்5 (2020) மிக மலிவாக வருகிறது. ஸ்டாண்டில் வைத்துப் பேட்டியோ கச்சேரியோ எடுப்பவருக்கு அதைப் போல மலிவும் தரமும் சேர்ந்த பாடி வேறில்லை என்பது என் எண்ணம். ஆனால் அதன் ஆட்டோ ஃபோகஸ் பழைய முறையைச் சேர்ந்தது; ஆள் அசையாமல் நின்றாலும் பின்னணி மூச்சு விடுவதுபோல் துடிக்கும். நடந்து வரும் மணமகளை அதை நம்பி எடுக்காதீர்கள்.

வீட்டில் பழைய கேனான் 5டி மார்க் 3 லென்ஸ்கள் இருக்கின்றன. அவற்றை வீணாக்க வேண்டுமா?

வேண்டாம். கேனான் ஆர் வரிசைப் பாடியில் அந்நிறுவனத்தின் அடாப்டர் வளையத்தைப் போட்டால் உங்கள் பழைய இஎஃப் லென்ஸ்கள் ஆட்டோ ஃபோகஸோடு வேலை செய்யும். மூன்று நான்கு நல்ல இஎஃப் லென்ஸ் வைத்திருப்பவருக்கு முந்தைய விடையின் வரிசை மாறிவிடும், ஆர்8 முதலில் வரும். புதிதாகத் தொடங்குபவர் கவனிக்க வேண்டியது வேறு: சோனி இ மவுண்டுக்கு (லென்ஸ் பொருத்தும் வாய்) டாம்ரான் 28-75, சிக்மா 28-70 என எஃப்2.8 வரை திறந்து நிறைய வெளிச்சம் விடும் லென்ஸ்கள் நியாயமான விலையில் உண்டு. அந்தச் சிக்மா பானசோனிக்கின் எல் மவுண்டுக்கும் கிடைக்கும். பாடி பழசாகும், மாற்றுவீர்கள். லென்ஸ் அடுத்த பாடிக்கும் வரும். கையில் உள்ள பணத்தில் பாதிக்கு மேல் பாடிக்குப் போடவேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரே ஒரு கார்டு ஸ்லாட் இருந்தால் பரவாயில்லையா?

சொந்த யூட்யூப் சேனலுக்குப் பரவாயில்லை. மற்றவர் வீட்டு விசேஷத்துக்கு ஆகாது. சில ஆண்டுகளுக்கு முன் புனலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் ஒற்றை ஸ்லாட் கேமராவோடு நின்றேன். நம் ஊர் முகூர்த்தம் போல மணிக்கணக்கில் நடக்காது. அங்கே விளக்கை வலம் வந்து, தாலி கட்டி, மாலை மாற்றிப் பத்து நிமிடத்தில் எல்லாரும் சத்யை விருந்துக்குக் கிளம்பிவிடுவார்கள். கார்டு அந்தப் பத்து நிமிடத்தில்தான் பிழை காட்டியது. வீட்டுக்கு வந்து மீட்பு மென்பொருளில் பாதிக் கோப்பு கிடைத்தது, தாலி கட்டியது கிடைக்கவில்லை. பெண்ணின் அப்பா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். ஆர்8, இசட்வி-இ1 இரண்டும் ஒற்றை ஸ்லாட் பாடிகள் என்பதால், அவற்றைக் கல்யாணத்துக்கு எடுத்துச் செல்பவர் இரண்டாவது கேமரா இல்லாமல் போகக்கூடாது.

கார்டின் கொள்ளளவையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். விநாடிக்கு 200 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபி ஆகும்.

சூடாகி நின்றுவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

சில பாடிகளில் உண்மை. ஆர்8 போன்ற காற்றாடி இல்லாத சிறிய பாடியில் 4கே 50பியைத் தொடர்ந்து ஓடவிட்டால் மிதமான வெப்பத்திலேயே அரைமணி அளவில் நிற்கலாம். சித்திரை வெயிலில் தென்காசியில் அதற்கு முன்பே நிற்கும். 25பியில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

அரைமணியில் நிற்பதெல்லாம் சூட்டால் அன்று. அரைமணிக்கு மேல் பதியும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமரா என்று கணக்கிட்டுக் கூடுதல் சுங்கம் விதித்ததால், பழைய பாடிகள் பலவற்றில் 29 நிமிடம் 59 விநாடி என்று எல்லை வைத்தார்கள். முதல் எஸ்5இலும் 10 பிட் 4கேக்கு 30 நிமிட எல்லை உண்டு. கச்சேரி எடுப்பவர் பாட்டு முடியும் இடைவெளியில் நிறுத்தித் தொடங்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

திருவனந்தபுரத்தில் வாங்கினால் மலிவா? மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தால்?

கேமராவுக்கு 2019 ஜனவரியிலிருந்து 18 விழுக்காடு ஜிஎஸ்டி, இரண்டு மாநிலத்திலும் ஒன்றே. எந்தக் கடை சலுகை தருகிறதோ அங்கே வாங்குங்கள். தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர் மட்டும் ரசீதில் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையிலான ஜிஎஸ்டி) என்று போடச் சொல்லிக் கேளுங்கள். கேரள எஸ்ஜிஎஸ்டி (மாநில ஜிஎஸ்டி) போட்ட ரசீதை வைத்து இங்கே உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய வரிக்கான வரவு) எடுக்க முடியாது.

வளைகுடாவில் வாங்குவதென்றால், உத்தரவாதச் சீட்டு இந்தியாவில் செல்லுமா என்று முதலில் படிக்கச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் சுங்கம் கட்டினால் அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்; நாளைக்கு விற்கும்போது அதைக் கேட்பார்கள்.

செகண்ட் ஹேண்ட் பாடியில் ஷட்டர் கவுண்ட் எவ்வளவு இருக்கலாம்?

வீடியோவுக்கு வாங்குகிறவர், ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்ற அந்த எண்ணையே பெரிதாகப் பார்க்க வேண்டியதில்லை. வீடியோ எடுக்கும்போது ஷட்டர் அடிப்பதில்லை. வீடியோவில் உழைத்த பாடியில் தேய்வது வேறு இடங்கள்: திரையின் கீல், ஹெச்டிஎம்ஐ துளை, மைக் துளை. மூன்றையும் மெல்ல அசைத்துப் பாருங்கள். 4கே 50பியில் அரைமணி ஓடவிட்டுப் பாருங்கள்.

அதோடு லேசர் தழும்பைத் தேடுங்கள். ரிசப்ஷனிலும் கோயில் கொடையிலும் மேடையிலிருந்து வீசும் லேசர் ஒளி சென்சாரில் நேரே பட்டால் புள்ளியோ கோடோ நிரந்தரமாக எரிந்துவிடும். லென்ஸை மூடி, ஐஎஸ்ஓவை (சென்சாரின் வெளிச்ச உணர்வு) கூட்டி ஒரு நிமிடம் பதிந்து பார்த்தால் நிறப் புள்ளிகள் தெரியும்; வெள்ளைச் சுவரை எடுத்தால் கோடுகள் தெரியும். குற்றாலச் சாரல் காலத்தில் மூடிய பையிலேயே கிடந்த லென்ஸ் என்றால் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நடுப்பகலில் லாக் எடுத்தால் எல்லாம் வெள்ளையாகிறது. ஐஎஸ்ஓ 800க்குக் கீழே போகவும் மாட்டேன் என்கிறது.

உங்களுக்கு வேண்டியது என்டி ஃபில்டர், லென்ஸின் முன் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 800, எஃப்16 என்றால் ஷட்டர் 1/800 அளவில் இருக்க வேண்டும். மேலே சொன்னபடி 1/50 வைத்தால் 4 ஸ்டாப் அதிகம், எஃப்2.8க்குத் திறந்தால் இன்னும் 5 ஸ்டாப். மொத்தம் 9 ஸ்டாப், அதாவது 512இல் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் விடும் கண்ணாடி வேண்டும். 2 முதல் 5 ஸ்டாப் வரை சுழலும் மலிவான ஃபில்டர் இதற்குப் போதாது. 6 முதல் 9 வரை உள்ளதைக் கேளுங்கள், அல்லது எஃப்5.6க்கு மூடிக்கொண்டு 7 ஸ்டாப்பில் சமாளியுங்கள்.

புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டும் கம்ப்யூட்டர் திக்குகிறதே?

10 பிட் 4:2:2 ஹெச்.265 கோப்பாக, அதாவது நிற விவரம் கூடுதலாக வைத்து இறுக்கிச் சுருக்கிய கோப்பாக இருக்கும். என்விடியா கார்டுகளில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தையவை இந்த வகைக் கோப்பைத் தாமாகப் பிரிக்கமாட்டா, எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் உள்ளே கிராஃபிக்ஸ் உள்ள பிராசசர்களும் ஆப்பிள் எம்1 முதலானவையும் பிரிக்கும். கம்ப்யூட்டரை மாற்ற முடியாவிட்டால் ப்ராக்ஸி கோப்பு (எடிட்டுக்கான சிறிய நகல்) உண்டாக்கி எடிட் செய்யுங்கள், அல்லது கேமராவில் நிற விவரம் குறைந்த 4:2:0க்கு மாற்றுங்கள். கல்யாண வீட்டார் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

தென்மலைப் பதிமூன்று கண் பாலத்தில் ரயில் வரும்போது கேமராவைத் திருப்பினேன். தூண்கள் எல்லாம் சாய்ந்து நிற்கின்றன. லென்ஸ் கோளாறா?

லென்ஸ் கோளாறு அன்று. இந்த விலைப் பாடிகள் சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கின்றன. மேல் வரியைப் படித்துக் கீழ் வரிக்கு வருவதற்குள் நீங்கள் கேமராவை நகர்த்திவிட்டதால், நேரான தூண் சாய்வாகப் பதிகிறது. ஏ7 மார்க் 4இல் முழு அகல 4கேயில் இது நன்றாகவே தெரியும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நான் மேலே குறையாகச் சொன்ன அந்த 1.5 மடங்கு வெட்டு நிலையில் படிக்க வேண்டிய வரிகள் குறைவு, படிப்பதும் சீக்கிரம் முடியும், சாய்வும் குறையும். ஆகவே திருப்பித்தான் எடுக்க வேண்டுமென்றால் வெட்டு நிலைக்கு மாற்றி, அகலமான லென்ஸைப் போட்டு, மெல்லத் திருப்புங்கள். நானாக இருந்தால் சாலையோரத்தில் ஸ்டாண்டைப் போட்டு, பதிமூன்று கண்ணும் சட்டத்துக்குள் வரும்படி வைத்துவிட்டு, ரயிலை அதன் போக்கில் போகவிடுவேன்.